வால்போலை முதல் பிரதமர் என்று சொல்வது சரியா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ராபர்ட் வால்போல் பிரிட்டனின் முதல் பிரதமர் என்று எல்லாப் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் அவரே சபையில் எழுந்து "நான் பிரதமர் இல்லை" என்று சொன்னாராமே, எது சரி? 21 வருஷம் நாற்காலியில் இருந்தது லஞ்சம் கொடுத்துத்தானா? அவ்வளவு சம்பாதித்தவர் கடனாளியாகச் செத்தார் என்பது நிஜமா? மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும், சட்டத்தில் இல்லாத பதவியில் ஒருவர் எப்படி உட்கார முடியும் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கல்லூரியில் பிரிட்டிஷ் அரசியலமைப்பு வரலாற்றை 26 வருஷம் நடத்தியவன் நான். மூலக் கடிதங்களை இங்கிலாந்தில் போய்ப் புரட்டியவன் இல்லை. அச்சான கடிதங்கள், சபைக் குறிப்புகள், அந்தக் காலத்தவர் எழுதிவைத்த நினைவுகள், பின்னால் வந்த ஆய்வுகள், இவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து நடத்தியவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரு கதவைக் காட்டிப் பதில் சொல்கிறேன். லண்டன் டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டின் கறுப்புக் கதவை டிவியில் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அதில் கடிதம் போடும் துவாரத்துக்குப் பித்தளைத் தகடு ஒன்று உண்டு. அதில் பொறித்திருப்பது பிரதமர் என்ற சொல் அல்ல; "கருவூலத்தின் முதல் பிரபு" என்பது. இரண்டாம் ஜார்ஜ் மன்னர் 1732-ல் அந்த வீட்டை வால்போலுக்குச் சொந்தமாகவே கொடுக்க முன்வந்தார். வால்போல் தன் பெயருக்கு வாங்கிக்கொள்ளவில்லை. கருவூலத்தின் முதல் பிரபுவாக யார் வந்தாலும் அவர்கள் குடியிருக்கட்டும் என்று பதவிக்கு எழுதிவைத்துவிட்டு, பழுதுபார்த்து முடித்த பின் 1735 செப்டம்பரில் குடிபோனார். அவர் கையில் இருந்த சட்டப்படியான பதவிகள் இரண்டு: கருவூலத்தின் முதல் பிரபு, நிதியமைச்சர். இரண்டும் 1721 ஏப்ரல் தொடக்கத்தில் கிடைத்தவை. பிரதமர் என்ற பெயரில் அவருக்கு ஆணையும் இல்லை, சம்பளமும் இல்லை, முத்திரையும் இல்லை.

அந்தச் சொல் அப்போது ஒரு வசவு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மன்னரின் காதைத் தன் ஒருவன் கைக்குள் வைத்துக்கொண்டு மற்ற அமைச்சர்களை ஒதுக்கிவிட்டவன் என்று பொருள். பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனை வழக்கம் இங்கே வந்துவிட்டது என்று பயமுறுத்த எதிரணி அதைப் பயன்படுத்தியது. 1741 பிப்ரவரியில் சாமுவேல் சாண்டிஸ் என்ற உறுப்பினர், வால்போலை என்றென்றைக்குமாக விலக்கும்படி மன்னரைக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அன்று பதில் பேசும்போதுதான், தான் ஒருவனே அமைச்சன், முதன்மை அமைச்சன் என்பதை வால்போல் அடியோடு மறுத்தார். தீர்மானம் 106-க்கு 290 என்று தோற்றது. பிரபுக்கள் சபையில் இதே முயற்சியில் தோற்றவர்கள், "முதன்மை அமைச்சர்" என்பவர் பிரிட்டனின் சட்டம் அறியாத அதிகாரி என்று தங்கள் எதிர்ப்பைப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. குற்றப்பத்திரிகை மாதிரி வந்த சொல்லை ஒருவர் ஏற்றுக்கொள்வாரா? அந்த மறுப்புக்கு இதற்கு மேல் கனம் கொடுக்க வேண்டியதில்லை. இந்தப் பெயர் மரியாதைப்பட்டு அரசு ஆவணத்தில் ஏற வெகுகாலம் ஆயிற்று. 1878 பெர்லின் உடன்படிக்கையில் அன்றைய பிரதமர் டிஸ்ரேலியைக் குறிக்கையில் அது வருகிறது. நாடாளுமன்றச் சட்டம் ஒன்றில் இடம்பெற 1917 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு ஏன் 1721 என்று எழுதுகிறோம்? அந்த வேலையை முதன்முதலில் முழுமையாகச் செய்து காட்டியவர் அவர் என்பதால். அதிலும் ஆய்வாளர்களிடையே ஒரு தகராறு உண்டு. 1721 முதல் 1730 வரை வால்போலுக்குச் சமமாக அவருடைய தங்கையின் கணவர் டவுன்ஷெண்ட் பிரபு அரசில் இருந்தார். வெளிநாட்டு விவகாரம் அவர் கையில். 1730-ல் இருவருக்கும் முட்டிக்கொண்டு டவுன்ஷெண்ட் விலகி, நார்ஃபோக்கில் தன் நிலத்தில் டர்னிப் பயிரிடப் போய்விட்டார். அதற்குப் பின்னர்தான் வால்போல் உண்மையில் தனிப்பெரும் அமைச்சர் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. தேர்வில் கேட்டால் 1721 என்றே எழுதுங்கள்.

அவர் அரசியலுக்கு வந்ததே எதிர்பாராமல்தான். 1676 ஆகஸ்ட் 26 அன்று நார்ஃபோக் மாவட்டத்து ஹௌட்டன் ஊரில், விக் கட்சிச் சார்புள்ள நடுத்தர நிலக்கிழார் வீட்டில் பிறந்தார். வீடு நிறையப் பிள்ளைகள். இவர் மூன்றாவது மகன். மூத்தவனுக்குச் சொத்து என்ற வழக்கத்தில் இவருக்கு எதுவும் மிஞ்சாது என்பதால் பாதிரியார் ஆக்க நினைத்து ஈட்டன் பள்ளிக்கும், பிறகு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்கும் அனுப்பினார்கள். மூத்த அண்ணன்கள் இறந்துபோக, 1698-ல் படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். 1700-ல் அப்பாவும் போனார். 1701-ல் காமன்ஸ் சபைக்கு வந்து, அடுத்த வருஷம் கிங்ஸ் லின் துறைமுகத் தொகுதிக்கு மாறி, கடைசிவரை அதை விடவில்லை. 1708-ல் போர்த்துறைச் செயலாளர், 1710-ல் கடற்படைப் பொருளாளர். அந்த வருஷமே விக்குகளின் எதிர்க்கட்சியான டோரிகள் ஆட்சிக்கு வந்தார்கள்; பழிவாங்கல் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் படைக் குதிரைகளுக்குத் தீவனம் வாங்கிய ஒப்பந்தத்தில் பணம் கைமாறியதாகச் சொல்லி 1712 ஜனவரியில் சபையை விட்டு நீக்கி லண்டன் டவர் சிறையில் ஆறு மாதம் வைத்தார்கள். ஒப்பந்தத்தில் பங்கு வால்போலின் நண்பர் ராபர்ட் மான் என்பவருக்குப் போனது என்பது பதிவில் உள்ளது. அந்தக் கால அளவுகோலில் இது சின்ன விஷயம். கட்சிப் பகை இல்லாவிட்டால் வழக்கே வந்திருக்காது. விக் தலைவர்கள் வரிசையாகச் சிறைக்கு வந்து பார்த்தார்கள். உள்ளே போனபோது கட்சிக்காரர். வெளியே வந்தபோது தலைவர்.

1714-ல் முதலாம் ஜார்ஜ் வந்ததும் விக்குகளின் காலம் பிறந்தது. ஆனால் வால்போலை உச்சிக்குக் கொண்டுபோனது 1720-ன் தென்கடல் கம்பெனிச் சரிவு. அந்த வருஷத் தொடக்கத்தில் 130 பவுண்டை ஒட்டி இருந்த பங்கு கோடையில் 1,000 பவுண்டைத் தொட்டு, செப்டம்பர் முடிவதற்குள் 200-க்குக் கீழே விழுந்தது. அரசின் கடனையே பங்காக மாற்றும் திட்டம் அது என்பதால் அமைச்சர்களும் அரண்மனையும் சேர்ந்து மாட்டினார்கள். இங்கே ஒரு பிழையைத் திருத்த வேண்டும். வால்போல் முன்கூட்டியே ஆபத்தை உணர்ந்து உச்சத்தில் விற்று லாபம் பார்த்தார் என்று பல புத்தகங்களில் இருக்கிறது. என் முதல் சில வருஷங்களில் நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன். கணக்குப் புத்தகங்கள் வேறு கதை சொல்கின்றன. அவர் சீக்கிரமே விற்றுவிட்டு, விலை ஏறிய பிறகு மறுபடி வாங்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். இன்னும் அதிகமாகப் பணத்தைக் கொட்டியிருப்பார். அவருடைய வங்கிக்காரர் ராபர்ட் ஜாகோம்பின் எச்சரிக்கையால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சீர்செய்ய அவர் முன்வைத்த திட்டம்கூடச் சட்டமானதே தவிர நடைமுறைக்கு வரவில்லை.

அவர் செய்தது வேறு. நாடே ரத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, தண்டனையைச் சிலரோடு நிறுத்தி மன்னரையும் பெரிய தலைகளையும் காப்பாற்றினார். அமைச்சர்களில், நிதியமைச்சராக இருந்த ஐஸ்லபி மட்டும் டவருக்குப் போனார். இதற்காக வால்போலுக்குத் "திரை" என்று பட்டப்பெயர் வந்தது. குற்றவாளிகளை மறைக்கும் திரை. மக்கள் கோபப்பட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். அதே வேளையில், முதலாம் ஜார்ஜின் ஹனோவர் வம்சம் வந்து ஏழு வருஷம்கூட ஆகாத நிலையில் அரண்மனை வரை நூலைப் பிடித்துப் போயிருந்தால் முன்பு ஆண்ட ஸ்டூவர்ட் வம்சத்தார் திரும்பியிருப்பார்கள் என்ற அவருடைய பயமும் வெறும் சாக்கு அல்ல. எமனும் ஒத்துழைத்தான். 1721 பிப்ரவரியில் ஸ்டான்ஹோப் பிரபு மூளை ரத்தக்கசிவால் போனார். அதே மாதம் இளைய கிராக்ஸ் அம்மையில் போனார். 1722 ஏப்ரலில் சண்டர்லேண்ட் பிரபுவும் இறந்தார். போட்டியாளர் என்று சொல்ல ஆளே குறைந்துவிட்டது.

இனி இரண்டாவது கேள்வி. லஞ்சம்தானா? லஞ்சமும் உண்டு. 558 உறுப்பினர் கொண்ட காமன்ஸ் சபையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அரசில் ஏதாவது பதவியோ சம்பளமோ வைத்திருந்தார்கள். வேலை எதுவும் இல்லாமல் சம்பளம் வரும் பதவிகளைத் தன் பிள்ளைகளுக்கே வால்போல் கொடுத்தார். கடைக்குட்டி ஹொரேஸ் வால்போல் ஆயுள் முழுக்க அதில்தான் வாழ்ந்தார். ஆதரவுப் பத்திரிகைகளுக்கும் துண்டுப்பிரசுரக்காரர்களுக்கும் பத்து வருஷத்தில் 50,000 பவுண்டுக்கு மேல் அரசுப் பணம் போனதை அவர் விழுந்த பின் நடந்த விசாரணை கண்டுபிடித்தது. இவை உறுதியானவை. "ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு விலை உண்டு" என்று அவர் சொன்னதாக உலவும் வாக்கியம் அப்படி இல்லை. பிற்காலத்தில் அவர் வரலாற்றை எழுதிய காக்ஸ் பதிவுசெய்திருப்பதன்படி, தேசபக்தர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட எதிரணிக் கூட்டம் ஒன்றைச் சுட்டி, "அந்த ஆட்கள் எல்லோருக்கும் விலை உண்டு" என்றார். குறிப்பிட்ட சிலரைப் பற்றிய பேச்சு மனித குலத்தைப் பற்றிய தத்துவமாக ஊதிவிட்டது.

பதவியால் வாங்கப்பட்ட ஆட்கள் மட்டும் போதாது என்பதுதான் கணக்கு. மீதிப் பெரும்பான்மை கிராமத்து நிலக்கிழார்கள். அவர்களுக்கு வேண்டியது குறைந்த நில வரியும் போர் இல்லாத காலமும். போர்க்காலத்தில் பவுண்டுக்கு நான்கு ஷில்லிங்காக இருந்த நில வரியை 1732-ல் ஒரு ஷில்லிங்காக இறக்கினார். 1733-ல் ஐரோப்பா போலந்து வாரிசுரிமைப் போரில் இறங்கியபோது மன்னரும் அரசியும் ஆசைப்பட்டும் விலகி நின்றார். அடுத்த வருஷம் அரசி கேரலினிடம், இந்த வருஷம் ஐரோப்பாவில் ஐம்பதாயிரம் பேர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள், அதில் ஒருவன்கூட ஆங்கிலேயன் இல்லை என்று சொன்னதாக ஹார்வி பிரபு எழுதியிருக்கிறார். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் வாசகம் அது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை மாணவர்கள் கவனிப்பதே இல்லை. அதுவரை பெரிய அமைச்சர்கள் உயர உயரப் பிரபுக்கள் சபைக்குப் போய்விடுவார்கள். 1723-ல் தனக்கு வந்த பிரபுப் பட்டத்தை வால்போல் மகனுக்குத் திருப்பிவிட்டுத் தான் காமன்ஸ் சபையிலேயே உட்கார்ந்துகொண்டார். பெருத்த உடம்பு, சிவந்த முகம், நார்ஃபோக் உச்சரிப்பு. விவாதம் நடக்கும்போது தன் ஊர் ஆப்பிளைக் கடித்துக்கொண்டு இருப்பார் என்பது அவரைப் பற்றி நிலைத்துவிட்ட சித்திரம். வரிக்கணக்கைப் பாமர உறுப்பினனுக்கும் புரியும்படி மணிக்கணக்கில் விளக்குவார். பணம் ஒதுக்கும் சபையில் மன்னருக்காகப் பேசும் ஆள். மன்னரின் அறையில் சபைக்காகப் பேசும் ஆள். இரண்டு சாவியும் ஒருவர் இடுப்பில். பிரதமர் பதவி என்பது அடிப்படையில் இதுதான்.

மன்னர் பக்கத்துச் சாவி ஒருமுறை தொலையப் பார்த்தது. 1727 ஜூனில் முதலாம் ஜார்ஜ் ஜெர்மனியில் ஓஸ்னபுரூக்கில் இறந்தார். செய்தி கிடைத்ததும் வால்போல் ரிச்மண்டுக்கு விரைந்து, மதியத் தூக்கத்தில் இருந்த இளவரசரை எழுப்பச் சொல்லி, மண்டியிட்டு, "நீங்கள் இப்போது மன்னர்" என்றார். இரண்டாம் ஜார்ஜுக்கு அப்பாவின் ஆட்கள் யாரையும் பிடிக்காது. தன் நம்பிக்கைக்குரிய ஸ்பென்சர் காம்ப்டனிடம் போய் உத்தரவு வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டார். மன்னர் ஆலோசனை சபையில் வாசிக்க வேண்டிய அறிவிப்பை எழுதத் தெரியாமல் காம்ப்டன், வால்போலையே எழுதித் தரக் கேட்டார். சில நாளில் காற்று திரும்பியது. அரசிக்கு வால்போல் மேல் நம்பிக்கை. மன்னரின் செலவுக்கு வருஷம் 8,00,000 பவுண்டும், அவர் காலத்துக்குப் பின் அரசிக்கு 1,00,000 பவுண்டும் சபையில் வாங்கித் தர முடிந்ததும் வால்போலால்தான். இந்தக் காட்சியின் நாடகத்தன்மை முழுக்க ஹார்வியின் பேனா. அவர் அரசியின் ஆள், வால்போலின் நண்பர். காம்ப்டன் அவ்வளவு அசடா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். தொகைகளும் முடிவும் உறுதி.

சபைப் பக்கத்துச் சாவி ஆட்டம் கண்டது 1733-ல். புகையிலைக்கும் ஒயினுக்கும் துறைமுகத்தில் வாங்கிய சுங்கத்தை மாற்றிக் கலால் வரியாக்கப் பார்த்தார். சரக்கு இறங்கியதும் அரசுக் கிடங்கில் வைத்து, உள்நாட்டு விற்பனைக்கு எடுக்கும்போது வரி கட்டினால் போதும். மறு ஏற்றுமதிக்கு வரி இல்லை. கடத்தலும் எடை மோசடியும் ஒழியும், நில வரியை இன்னும் குறைக்கலாம். கணக்காகப் பார்த்தால் அருமையான திட்டம். ஆனால் கலால் அதிகாரி கடைக்குள் புகுந்து சோதிக்கலாம், ஜூரி இல்லாமலே தண்டனை உண்டு என்பது ஜனங்களுக்குத் தெரியும். நாளைக்கு ரொட்டிக்கும் இறைச்சிக்கும் கலால் வரும் என்று வதந்தி. "அடிமைத்தனம் வேண்டாம், கலால் வேண்டாம், மரச் செருப்பு வேண்டாம்" என்று கோஷம். மரச் செருப்பு என்றால் வறுமைப்பட்ட பிரெஞ்சுக் குடியானவனின் அடையாளம். மார்ச் மாதம் 61 ஆக இருந்த வாக்கு வித்தியாசம், ஏப்ரல் 10 அன்று 17 ஆகச் சுருங்கியது. மறுநாளே மசோதாவை ஒத்திப்போட்டுக் கைவிட்டார். சபையை விட்டு வரும்போது கூட்டம் அவரை நெருக்கித் தள்ளியது; ஊரெங்கும் விளக்கேற்றி அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். எப்போது பின்வாங்க வேண்டும் என்று தெரிந்தவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. திட்டத்தை எதிர்த்த பிரபுக்களைப் பதவியிலிருந்து உருவி எறிந்தது மட்டும் தவறாகப் போயிற்று. அவர்களில் ஒருவரான காபம் (Cobham) பிரபுவைச் சுற்றி இளம் எதிரணி ஒன்று திரண்டது. அதில் ஒருவர் வில்லியம் பிட். நம் சென்னைக் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்த தாமஸ் பிட்டின் பேரன். 1736-ல் சபையில் பேசிய பேச்சுக்காக அவருடைய குதிரைப்படைப் பதவியை வால்போல் பறித்தார். பையன் அடங்கவில்லை, பின்னாளில் அவரும் ஆட்சிக்கு வந்தார்.

1737 நவம்பரில் அரசி இறந்தார். அதே வருஷம் நாடகங்களை முன்தணிக்கை செய்யும் சட்டம் வந்தது. மேடையில் தன்னைக் கிழித்தவர்களின் வாயை அடைக்க அவர் போட்ட பூட்டு அது, 1968 வரை ஏதோ ஒரு வடிவில் தொங்கியது. இதற்குச் சமாதானம் சொல்ல நான் முயலமாட்டேன். ஸ்பானியர்கள் தன் காதை அறுத்தார்கள் என்று ஜென்கின்ஸ் என்ற கப்பல் தலைவர் சொன்ன கதை நாட்டையே போர் வெறியில் தள்ளியது. மனமில்லாமல் 1739-ல் போர் அறிவித்தார். போர் சரியாக நடக்கவில்லை. 1741 தேர்தலில் கார்ன்வாலும் ஸ்காட்லாந்தும் கைவிட்டன. சிப்பன்ஹாம் தொகுதித் தேர்தல் தகராறில் முதலில் ஒரே ஒரு வாக்கில் தோற்றார். 1742 பிப்ரவரி 2 அன்று 16 வாக்கில். மன்னர் இன்னமும் அவரைத்தான் விரும்பினார். இருந்தும் பிப்ரவரி 11 அன்று விலகினார். மன்னரின் ஆதரவு கெடாமல் இருக்கும்போதே, சபை கைவிட்டதால் முதன்மை அமைச்சர் வீட்டுக்குப் போனார். நீங்கள் கேட்ட "பதவி" அன்றைக்குத்தான் உருப்பெற்றது என்பது என் கட்சி. (பழைய நாட்காட்டியில் வருஷம் மார்ச் 25-ல் பிறக்கும், ஆகவே பழைய ஆவணத்தில் இது 1741 என்றே இருக்கும், குழம்ப வேண்டாம்.) அவர் இடத்துக்கு வந்தவர் அதே காம்ப்டன், இப்போது வில்மிங்டன் பிரபு.

இரகசிய விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். கருவூல வழக்கறிஞர் பாக்ஸ்டன் பதில் சொல்ல மறுத்து நியூகேட் சிறைக்குப் போனார், வாய் திறக்கவில்லை. வால்போல் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. ஆர்ஃபோர்டு பிரபுவாகிப் பிரபுக்கள் சபைக்குப் போனவர், சிறுநீர்ப்பைக் கல்லின் வேதனையில் 1745 மார்ச் 18 அன்று லண்டனில் இறந்தார். ஹௌட்டனில் புதைத்தார்கள்.

கடைசிக் கேள்வி, கடன். ஆம், சுமார் 40,000 பவுண்டு கடன் வைத்துவிட்டுப் போனார். படைச் சம்பளப் பொறுப்பாளராக இருந்த காலத்தில் கையில் புரண்ட அரசுப் பணத்தை வைத்துப் பெரும் சொத்து சேர்த்தார் என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயமில்லை. அன்று அது சட்டவிரோதமும் அல்ல. வந்ததெல்லாம் போன இடம் ஹௌட்டன் மாளிகை. 1722-ல் தொடங்கி 1735 வரை கட்டினார். தோட்டத்தின் பார்வைக்கு இடைஞ்சல் என்று பழைய கிராமத்தையே பெயர்த்து வாசலுக்கு வெளியே புதிதாகக் கட்டிக் கொடுத்தார். ரூபன்ஸ், வான் டைக், ரெம்பிராண்ட் என்று சுவர் நிறைய ஓவியம் வாங்கினார். மாளிகை இன்றும் இருக்கிறது. ஓவியங்களில் பெரும்பகுதியைப் பேரன் 1779-ல் ரஷ்ய அரசி காத்தரீனுக்கு 40,000 பவுண்டுக்குச் சற்று மேலான விலைக்கு விற்றார். தாத்தா வைத்துவிட்டுப் போன கடனும் ஏறக்குறைய அதே தொகை. அவற்றில் பலவற்றைப் பார்க்க இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.